கழிப்பறைக்குக் கொடுத்த 40,000 ரூபாய் வாசலில் வளைவாக நிற்கிறது

நேற்றுக் காலை திறப்பு விழா. நாதஸ்வரம், பொன்னாடை, வெடி எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், ராத்திரி தூக்கம் வராமல் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியின் பெயரைப் போடவில்லை. மகள் இன்னும் அங்கேதான் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் போகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சபையின் கையில் மூன்று பள்ளிக்கூடங்கள்: ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு உயர்நிலைப்பள்ளி, ஒரு பெண்கள் பள்ளி. மூன்றும் அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வந்துவிடும். கட்டடம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் நிர்வாகத்தின் பாடு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே தாளாளர், ஒரே கமிட்டி, ஒரே பீரோ.

நான் பலகாரம் செய்து விற்கிறவள். மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடை. கல்யாண வீடுகளுக்கு மொத்தமாகவும், சென்னையில் இருப்பவர்களுக்குக் கூரியரிலும் போகும். உதவிக்கு இரண்டு பேர். எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் போக ஒரு கிலோவுக்கு 60 ரூபாய் நின்றால் அது நல்ல மாதம். அப்படியென்றால் 40,000 ரூபாய்க்கு எத்தனை கிலோ சுற்ற வேண்டும்? நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். 660 கிலோவுக்கு மேல் வருகிறது.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். போன சித்திரையில் லீவு விடுகிற சமயம் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போனதும் வாசலில் ஒரு தாளை நீட்டி, "வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்ருங்க" என்றார் கிளார்க். தாளின் மேல்பாதி காலி. போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்து பேசவில்லை. "உட்காந்து பேசினா உங்களுக்குப் புரியாது, வாங்க" என்று எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். பெண்கள் பள்ளிக் கழிப்பறை. ஆறு கதவு, மூன்றுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. மீதி மூன்றில் ஒன்றுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கைப்பிடி இருந்த ஓட்டையில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கியது. உள்ளே போகிற பிள்ளை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும், அதுதான் தாழ்ப்பாள். அதே சிவப்பு ரிப்பன் எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குள்ள போறது நம்ம வீட்டுப் பொண்ணுங்கதானே தங்கச்சி" என்றார். தங்கச்சி! அப்புறம் அழகப்பச் செட்டியாரை இழுத்தார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, 1948இல் அடிக்கல் நாட்டினார்கள், அப்பேர்ப்பட்ட மண்ணில் நாம் ஆளுக்கு 40,000 கொடுக்க மாட்டோமா என்றார். சொன்ன விவரம் அத்தனையும் சரி. எந்த வாயிலிருந்து வந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

மறுநாளே மஞ்சப்பையில் எண்பது ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுத்துக்கொண்டு போனேன். "செக்கா தரவாண்ணே?" என்று கேட்டேன். "கொத்தனாருக்குச் செக்கா கொடுக்க முடியும்? ரொக்கமா இருந்தா வேலை ஓடும்" என்றார். வாங்கினவர் எண்ணக்கூட இல்லை. "நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று அப்படியே மேஜை டிராயரில் வைத்தார். எனக்கு அன்றைக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. ரசீதில் "நன்கொடை" என்று மட்டும் இருந்தது, வரிசை எண்கூட இல்லை. "கழிப்பறைக்குன்னு எழுதிக் கொடுங்கண்ணே" என்றேன். சிரித்தார். "நமக்குள்ள என்னம்மா இதெல்லாம்."

எனக்குத் தெரிந்து இன்னும் பத்துப் பேர் கொடுத்திருக்கிறார்கள். சிலர் என்னைவிடக் கூட. வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. கழிப்பறையில் ரிப்பன் அப்படியே இருக்கிறது என்று மகள் சொன்னாள். போய்க் கேட்டேன். "ஆனி போகட்டும்மா, ஆடியில வேலை தொடங்கக் கூடாது, ஆவணியில பூமி பூஜை." ஆவணியில் போனால் இன்ஜினியர் பிளான் வரவில்லை. புரட்டாசியில் அய்யா திருப்பதி போயிருக்கிறார். தலைமையாசிரியை நல்ல மனுஷி, ஆனால் அவரும், "நான் சம்பளம் வாங்குறவக்கா, காசு விஷயமெல்லாம் கமிட்டிதான்" என்று கையை விரித்துவிட்டார். போன் அடித்தால் "மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடுறேன்." கூப்பிட்டதே இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள், "கழிப்பறை வேலை எப்போது தொடங்கும்?" என்று ஒரே ஒரு வரி போட்டேன். கீழே மூன்று பேர் கட்டைவிரல் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றிவிட்டார்கள். இப்போது அதில் குறள்களும் பண்டிகை வாழ்த்துகளும் மட்டும் வருகின்றன.

இதற்கு நடுவில் வீட்டில் ஒன்று நடந்தது. மகளின் தண்ணீர் பாட்டில், ஒரு லிட்டர் பிடிக்கும். காலையில் நிறைத்துக் கொடுப்பது சாயங்காலம் அதே கனத்தில் திரும்பி வரும். முதலில் மறந்துவிடுகிறாள் போல என்று திட்டினேன். அப்புறம் புரட்டாசிக் கடைசியில் அடிவயிறு வலிக்கிறது, எரிகிறது என்று அழுதாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு நீர்த்தாரையில் தொற்று என்றார். "பகல்ல தண்ணி குடிக்கிறதில்லையா?" என்று பிள்ளையைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "குடிச்சா போகணுமேம்மா" என்றாள். காலை எட்டரையிலிருந்து நாலரை வரை. பூட்டின கதவுக்கும் ரிப்பன் கதவுக்கும் பயந்து பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் பள்ளி வாசலில் பெரிய குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நானே பார்த்தேன். செப்டிக் டேங்க் என்று நினைத்தேன்! அன்றைக்கு அத்தனை சந்தோஷம். வீட்டுக்கு வந்து மகளிடம், "பாரு, அம்மா கொடுத்த காசு வேலை செய்யுது" என்றுகூடச் சொன்னேன். பத்து நாளில் அந்தக் குழியிலிருந்து கம்பி மேலே எழும்பியது, அப்புறம் தூண். நூற்றாண்டு நினைவு வளைவாம். தாளாளர் அறைக்கு ஏசி, தரைக்குப் புது ஆத்தங்குடிக் கல், பூப்போட்டது. கல் அழகாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன்.

இன்னொரு கூத்து. விழாவுக்கு 12 கிலோ தேன்குழல் வேண்டும் என்று என்னிடமே ஆர்டர் கொடுத்தார்கள். "பில் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் கிளார்க். போகிற சாக்கில் நேரில் கேட்டுவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

நேற்று ரிப்பன் வெட்டினார்கள். அதுவும் சிவப்பு ரிப்பன்தான். வளைவுத் தூணில் கருப்புக் கிரானைட்டில் கமிட்டிக்காரர்கள் பெயர் தங்க எழுத்தில். கூட்டம் கலைந்ததும் தாளாளர் அறைக்குப் போய்க் கேட்டேன். "அண்ணே, என் 40,000 எங்கே?"

"எங்கேயும் போகலையே தங்கச்சி, பள்ளிக்கூடத்துக்குத்தானே செலவாச்சு."

"கழிப்பறைக்குக் கொடுத்ததுண்ணே."

"கழிப்பறையைப் பார்த்துட்டா பிள்ளையைச் சேர்க்க வருவாங்க? ரோட்டுல போறவன் கண்ணுக்கு வாசல்தான் தெரியும். வருஷா வருஷம் அட்மிஷன் குறையுது. பிள்ளை குறைஞ்சா வாத்தியார் போஸ்ட் போயிரும், தெரியுமா உங்களுக்கு?"

நியாயமாகச் சொல்கிறேன், அதில் பாதி உண்மை. சுற்றிலும் இங்கிலீஷ் மீடியம் வேன்கள் வீட்டு வாசலுக்கே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு, தலை குறைந்தால் பணியிடம் உபரியாகிவிடும். அந்தப் பயம் அவருக்கு இருப்பது சரி. ஆனால் பெண் பிள்ளைக்குக் கதவில் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் வளைவைப் பார்த்து எந்தத் தாய் சேர்ப்பாள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. வளைவு வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் அவர் குரல் மாறியது. "இது நீங்கள்லாம் சேர்ந்து போட்ட தீர்மானம்மா" என்று மினிட் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மேல்பாதியில் நீல மையில், நூற்றாண்டு வளைவு அமைக்கப் பெற்றோர் ஒருமனதாகத் தீர்மானித்ததாக எழுதியிருக்கிறது. கீழ்ப்பாதியில் கையெழுத்துகள். ஏழாவது என்னுடையது. சித்திரையில் வாசலில் "வந்ததுக்கு" என்று போட்டேனே, அந்தத் தாள்! புத்தகத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பசைகூடச் சரியாகக் காயவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டே, அதில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டுமே, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டுமே, அந்தப் பட்டியலையாவது காட்டுங்கள் என்றேன். கிளார்க் காட்டினார். அதில் ஒருவருடைய மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

கிளம்பும்போது தாளாளர் சொன்னார்: "கணக்குக் கேக்குறது நம்ம ஊர் வழக்கம் இல்லை தங்கச்சி. பாப்பா அடுத்த வருஷம் ஒன்பதாவது போகணும்ல."

கணக்குக் கேட்பது நம்ம ஊர் வழக்கம் இல்லையாம். என் தாத்தா பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது லேவாதேவிக் கடையில், எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். அன்றன்றைக்குக் கணக்கைக் கட்டாமல் படுக்கவிட மாட்டார்கள், ஒரு காசு இடித்தாலும் விளக்கை அணைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வருஷக் கடைசியில் ஐந்தொகை, அதாவது மொத்த இருப்புநிலைக் கணக்கு, எழுதி ஊருக்கு அனுப்பியாக வேண்டும். கடல் தாண்டி இருந்த கணக்கையே இங்கே திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்த ஊர் இது. கல்யாணத்தில் 101 ரூபாய் மொய் வைத்தாலும் நோட்டில் பெயர் ஏறும். நான் கொடுத்த 40,000 மட்டும் எந்த நோட்டிலும் இல்லை.

சரி, என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். விடிந்துகொண்டிருக்கிறது, எட்டு மணிக்குள் ஒரு ஆர்டர் போக வேண்டும். அவசரமாக நாலு வார்த்தை.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் கிடைக்காது. ரசீதில் எண்ணும், எதற்காக என்பதும் இல்லாமல் எழுந்து வராதீர்கள். மேல்பாதி காலியாக இருக்கிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வருகைப் பதிவு என்றாலும் சரி. போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் தேதியை எழுதிப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. பள்ளிக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கு என்று தேர்ந்தெடுத்து ஆன்லைனில் கொடுக்கலாம். எனக்கு இது லேட்டாகத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப்போகிறேன். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். மினிட் புத்தக நகல், மேலாண்மைக் குழுப் பட்டியல், கழிப்பறை ஆய்வு அறிக்கை, மூன்றும் கேட்கப்போகிறேன். பணம் கொடுத்த மற்றப் பத்துப் பேரில் யாராவது இதைப் படித்தால் கூட வாருங்கள், தனியாகப் போனால் மறுபடியும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தேன்குழல் பில் 4,200 ரூபாயும் இன்னும் வரவில்லை. ஆக மொத்தம் 44,200.