தம்பியை எங்கே கூட்டிப்போவது: ஸ்டான்லி அரசு மருத்துவமனையா, தனியார் கவுன்சிலிங்கா?

துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் என் தம்பிக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிறான். ஒருநாள் சோற்றுத் தட்டைச் சுவரில் வீசிவிட்டு, அவனே உட்கார்ந்து அழுதான். "டாக்டர்கிட்ட போலாமாடா?" என்றேன். "இன்னாக்கா, என்னைக் கீழ்ப்பாக்கம் கேஸுன்றியா?" என்றான்.

1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். இங்கே தண்டையார்பேட்டையில் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் வீட்டோடு கிடக்கிறார்கள்.

தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்கலாம்தான். சாவு, கடன் என்று காரணம் தெரிந்த துக்கம் மெல்ல வடியும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டுக்கிடந்தால் காத்திருக்கக் கூடாது. சாகணும் என்று பேச ஆரம்பித்தால் ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. அம்மா தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை, அன்று ராத்திரி அவன் கொஞ்சம் அமைதியாக இருந்தான். வைத்தியத்தோடு கயிறும் இருக்கட்டும்.

தனியார் கவுன்சிலிங்கில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்கள். கோபம் எதில் கிளம்புகிறது, கை ஓங்குவதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்று பழக்குவார்கள். அது பெரிய விஷயம். ஆனால் பல இடங்களில் ஒரு தடவைக்கே ஆயிரத்துக்கு மேல், அதுவும் வாராவாரம். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். அவர்கள் மாத்திரை எழுத முடியாது.

ஸ்டான்லியின் மனநலப் பிரிவில் செலவில்லை. கூட்டம் உண்டு, டாக்டரால் நம்மோடு வெகுநேரம் பேச முடியாது. ஆனால் தைராய்டு கோளாறும் குடியும்கூட மனநிலையைக் குலைக்கும். அதைப் பரிசோதித்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது.

தூக்கம் நன்றாக இருந்து, குடும்பச் சிக்கலோ துக்கமோதான் பாரம் என்றால் முதலில் பேச்சு சிகிச்சை போதும் என்பேன். தம்பியைப் போல இரண்டு மாதத் தூக்கமே போய்விட்டால் ஸ்டான்லிதான் முதலில்.

அவனை நகர்த்தியது இது இரண்டும் இல்லை, 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், நாள் முழுக்க, தமிழிலேயே பேசலாம். துறைமுக கேட்டில் லாரி வரிசையில் நின்றபோது கேபினிலிருந்து அவனே போன் போட்டிருக்கிறான். "மூஞ்சி தெரியாதுல்லக்கா, அதான் பேசினேன்" என்றான். அவர்களும் நேரில் டாக்டரைப் பார்க்கத்தான் சொன்னார்களாம்.

புதன்கிழமை அவனுக்கு லோடு இல்லை. ஓபி சீட்டு வாங்கணும், ஏழு மணிக்கே கிளம்புகிறோம்.