ராட்வைலரா, காக்கேசியனா? என் ஓட்டு ராட்வைலருக்கு

பெரிய காவல் நாய் ஒன்று வேண்டும் என்று தேடியபோது கடைசிவரை களத்தில் நின்றவை இரண்டு: ராட்வைலர், காக்கேசியன் ஷெப்பர்டு. நான் ராட்வைலரை எடுத்தேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பலத்திலும் மிரட்டும் தோற்றத்திலும் இரண்டையும் குறை சொல்ல முடியாது. ஆண் ராட்வைலர் 50 கிலோவை ஒட்டி நிற்கும். ஆண் காக்கேசியன் அங்கிருந்துதான் தொடங்கும். சுவரேறிக் குதிக்க நினைப்பவனுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காக்கேசியனின் அடர்ந்த முடியைச் சீவி மாளாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உண்மையில் பார்க்க வேண்டியது, ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் முடிவெடுப்பது யார் என்பதைத்தான். ராட்வைலரின் முன்னோர் ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களோடு மாடு ஓட்டியவை, வண்டி இழுத்தவை. ஏவவும் நிறுத்தவும் ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருந்தான். காக்கேசியனுக்கு வாய்த்தது மந்தைக் காவல். நள்ளிரவில் ஓநாய் வந்தால், மேய்ப்பனை எழுப்பி உத்தரவு கேட்பதற்குள் ஆடு போய்விடும். எனவே தானே முடிவெடுக்கும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் பிடிவாதம் என்று திட்டுவது அநியாயம்.

வாசலில் அந்நியர் நின்றால் என் பெட்டை மார்பை நிமிர்த்தித் தொண்டைக்குள் உறுமும். உறுமிக்கொண்டே ஒரு கணம் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். "இரு" என்று சொல்ல அந்தக் கணம் போதும். நான் கொடுத்த பயிற்சியில் பெரும்பகுதி அந்தப் பார்வையை வளர்ப்பதற்கே செலவானது. குட்டியாக இருந்தபோது எதைக் கண்டு விறைத்தாலும், என் பக்கம் திரும்பிய உடனே ஒரு துண்டு இறைச்சி கிடைக்கும். நடக்கும்போது வார் இறுகினால் நான் நின்றுவிடுவேன். தளர்ந்தால்தான் அடுத்த அடி. அடித்துப் பழக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உறுமியதற்கு அடிவாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

காக்கேசியனை நான் வளர்த்ததில்லை. நண்பர் வீட்டு நாயோடு பழகிய அளவில் சொல்கிறேன். "உட்கார்" என்றால் அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக உட்காரும். பகலெல்லாம் சோம்பிக் கிடக்கும். இருட்டியதும் வேலியோரம் சுற்ற எழுந்துவிடும். அங்கே யாராவது தென்பட்டால் உடம்பு விறைக்கும், தலை மட்டும் நண்பர் பக்கம் திரும்பாது. விரிந்த நிலமும் ஆட்டுப்பட்டியும் உள்ளவர்களுக்கு அது ராட்வைலரைவிடப் பொருத்தமாக இருக்கலாம். விருந்தாளிகள் வந்துபோகும் வீட்டுக்கு வேண்டாம்.

ராட்வைலரும் இலேசுப்பட்டதில்லை. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்தைத் தாண்டும்வரை பலவகை மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் பழக்க வேண்டும். அந்தப் பருவம் கைவிட்டுப் போனால் பிற்பாடு ஈடுகட்டுவது கடினம். வளர்ந்துவரும் வயதில் கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடிக்கும் ஒரு கட்டமும் உண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் சகஜம் என்பதால் தாய், தந்தை இரண்டின் எக்ஸ்ரேவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

டாபர்மேன் ஏன் இல்லை என்று கேட்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்பதில் அது ராட்வைலருக்குச் சளைத்ததல்ல. ஆனால் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் அந்த இனத்தைப் பிடித்து ஆட்டுகிறது. அதற்குப் பயந்தே விட்டேன்.

எந்த இனமானாலும், குட்டி பார்க்கப் போகும்போது தாயை வாரில் பிடித்து அழைத்துவரச் சொல்லுங்கள். வளர்ப்பவரே தயங்கினால் அங்கே குட்டி வாங்க வேண்டாம்.