மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர்: சரியாக எரிந்தால் போதுமா?

பிளக் பாயிண்டின் ஒயரிங் சரியா என்று காட்டும் இந்தச் சின்னக் கருவியை வாங்கலாமா? வாங்கலாம். அலுவலகம், கிடங்கு, பள்ளி, கிளினிக் எதுவானாலும் ஒன்று இருக்கட்டும். மின்வேலை தெரியாத ஊழியர் கையில் தயங்காமல் கொடுக்கக்கூடிய சோதனைக் கருவி எங்கள் கணக்கில் இது ஒன்றுதான். ஆனால் விளக்குகள் சரியாக எரிந்துவிட்டன, இனி இந்தப் பாயிண்டில் பயமில்லை என்று முடிவு கட்டினால், கருவியே இல்லாமல் இருந்ததைவிட மோசமான நிலைமை. அது எதைப் பார்க்கிறது, எது அதன் கண்ணில் படவே படாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பார்ப்பதற்குத் தடித்த மூன்று பின் பிளக் மாதிரி இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். முகப்பில் மூன்று சின்ன விளக்கு. நல்ல வகையில் கூடவே ஒரு பொத்தான். பேட்டரி கிடையாது, தொங்கும் ஒயர் கிடையாது. பாயிண்ட் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருக வேண்டும். பிறகு சுவிட்சைப் போட வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விரல் எந்த இடத்திலும் உலோகத்தின் பக்கம் போவதில்லை.

இந்த ஒரு காரணத்துக்காகவே, பலர் மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரைவிட இதை உயர்வாகச் சொல்கிறோம். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரில் சர்க்யூட்டின் ஒரு பாதி நீங்கள்தான். முனை பேஸை (மின்சாரம் வரும் ஒயரை) தொடுகிறது, பின்பக்க மூடியில் உங்கள் விரல். உள்ளே இருக்கும் ஏறக்குறைய ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கால் மில்லி ஆம்பியருக்கும் கீழே இறக்கி, உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு அனுப்புகிறது. அதனால்தான் ஷாக் தெரிவதில்லை. அந்த ரெசிஸ்டர் கெட்டாலோ, டெஸ்டருக்குள் ஈரம் இறங்கினாலோ தடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. போதாக்குறைக்கு வெளிச்சம் அதிகமாக இருந்தால் அதன் பல்ப் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. தடித்த ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும் மங்கிப்போகும். பேஸ் இருந்தும் "கரண்ட் இல்லை" என்று படும். எர்த் (கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் ஒயர்) இருக்கிறதா, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) அறுந்ததா என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதிலே கிடையாது. ஒயரைத் தொடாமல் பார்க்கும் பேனா டெஸ்டர் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் உலோகக் குழாய்க்குள் போகும் ஒயரை அது பார்க்காது, பக்கத்து ஒயருக்குக் கூவும், பேட்டரி தீர்ந்தால் எல்லாமே செத்துக் கிடப்பதுபோல் காட்டும்.

சாக்கெட் டெஸ்டரின் மூன்று விளக்கும் மூன்று ஜோடிகளுக்குக் காவல். முதலாவது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில். இரண்டாவது பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில். மூன்றாவது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில். சரியான பாயிண்டில் முதல் இரண்டும் எரியும், மூன்றாவது எரியாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு விளக்கை எரிக்கிற அளவு வோல்டேஜ் இருக்கக் கூடாது. இது பிடிபட்டுவிட்டால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலாவது மட்டும் எரிந்தால் எர்த் வரவில்லை. இரண்டாவது மட்டும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது: மெஷின் ஓடாது, ஆனால் பேஸ் அதற்குள் வந்து நிற்கிறது. முதலாவதும் மூன்றாவதும் எரிந்தால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. மெஷின் வழக்கம்போல் ஓடும், ஆனால் அதன் சுவிட்சும் ஃபியூஸும் பேஸை விட்டுவிட்டு நியூட்ரலைத் துண்டித்துக்கொண்டிருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் எரிந்தால் பேஸும் எர்த்தும் மாறியிருக்கின்றன. இதைவிடக் கொடிய தவறு ஒரு பாயிண்டில் இருக்க முடியாது. பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்ட நொடியில் மெஷினின் உலோக உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். விளக்குகளின் வரிசையும் நிறமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்; கையில் இருக்கும் கருவியின் அட்டவணையில் எது எந்த ஜோடி என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் இத்தோடு கருவியைப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்காதீர்கள். பாயிண்ட் சுவிட்சை அணைத்துவிட்டு விளக்குகளை இன்னொரு முறை பாருங்கள். எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பேஸ்–எர்த் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தால், சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். சுவிட்ச் போட்ட நிலையில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. விளக்குகள் சரியான வரிசையில் எரியும். அணைத்தால்தான் குட்டு வெளிப்படும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பிரிண்டரின் மூடியைத் திறந்து சிக்கிய தாளை எடுக்கிறவர், தண்ணீர் மெஷினின் பின்பக்கத்தைத் துடைக்கிறவர், இவர்களுக்குத்தான் இந்த இரண்டாவது பார்வை. சுவிட்சோடு நிறுத்தாமல் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

இனி அதன் குருட்டுப் பக்கங்கள்.

நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் கருவிக்குத் தெரியாது. இரண்டும் தரையோடு கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருப்பவை. எதை எங்கே மாட்டினாலும் முதல் இரண்டு விளக்கும் எரியும். இதைவிட மோசம், எர்த் ஒயர் வராத பாயிண்டில் நியூட்ரலில் இருந்து ஒரு சின்னத் துண்டு ஒயரை எர்த் முனைக்கு இழுத்துவிடும் ஏமாற்று வேலை. டெஸ்டர் "சரி" என்று காட்டும். என்றைக்கு அந்த நியூட்ரல் வழியில் எங்கேயாவது அறுகிறதோ, அன்றைக்கு மெஷினுக்குள் ஓடி வரும் பேஸ் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு ஒயர் வழியாக உலோக உடம்புக்கு வந்துவிடும்.

எர்த் இருக்கிறது, ஆனால் பலவீனமாக இருக்கிறது என்றாலும் விளக்கு அழகாக எரியும். அதற்கு வேண்டியது ஓரிரு மில்லி ஆம்பியர்தான். துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் அது கிடைத்துவிடும். ஆனால் பழுது வரும் நாளில் எர்த் சுமக்க வேண்டியது வேறு அளவு. 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (அளவுக்கு மீறி ஓடினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனடியாக விழும் என்று உறுதியாகச் சொல்ல, அதன் பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியர் ஓட வேண்டும். 230 வோல்ட்டில் அதற்கு மொத்தப் பாதையின் தடை ஏறக்குறைய 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் பாதையின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு. விழாது. மெஷினின் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். சாக்கெட் டெஸ்டரோ இரண்டு விளக்கையும் எரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பொத்தான் வைத்த வகையை வாங்கச் சொல்கிறோம். அழுத்தினால் பேஸில் இருந்து எர்த்துக்கு ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியரைக் கசியவிடும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமில்லை என்று கண்டு அது விழ வேண்டும். அந்த அளவு கசிவில் 300 மில்லி செகண்டுக்குள், 150 மில்லி ஆம்பியர் கசிவில் 40 மில்லி செகண்டுக்குள். மேலே சொன்ன துண்டு ஒயர் ஏமாற்று இங்கேதான் மாட்டும்: கசியவிட்ட மின்னோட்டம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது, விழாது. ஆர்சிசிபியின் முகத்திலேயே ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அது எர்த்தைத் தொடாமலே தனக்குள் ஒரு கசிவை உண்டாக்கி, இயந்திரம் அசைகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் அறுந்த கட்டடத்திலும் அது பாஸ் ஆகிவிடும்.

பொத்தானுக்குக் கட்டுப்பாடு உண்டு, இதில் தளர்வே கூடாது. எர்த் இல்லை என்று விளக்கு சொல்லும் பாயிண்டில் ஒருபோதும் அழுத்தாதீர்கள். அறுந்த எர்த்தில் கசியவிட்டால், அதே எர்த்தோடு சேர்ந்திருக்கும் மற்ற மெஷின்களின் உடம்பில் அது ஏறி, தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். விளக்குகள் சரியாக இருந்தால் மட்டுமே, அந்த வரிசையில் உள்ள மற்ற பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எல்லோரிடமும் கணினி வேலையைச் சேமிக்கச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். விழுந்தால் பல பாயிண்டுகள் ஒரே நேரத்தில் அணையும். விழவில்லை என்றால் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கலாம், கெட்டிருக்கலாம், எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது எலக்ட்ரீஷியன் வேலை. திரும்பத் திரும்ப அழுத்துவதால் பதில் வராது.

யுபிஎஸ், ஜெனரேட்டர் வழியாக வரும் பாயிண்டுகளில் விளக்குகள் மங்கலாகவோ அட்டவணையில் இல்லாத விதத்திலோ எரியலாம். அங்கே நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் மிதந்துகொண்டிருக்கலாம். அட்டவணையை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், பார்த்ததை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தவறு தெரிந்தால் என்ன செய்வது? சுவிட்சை அணைக்க வேண்டும், கருவியைக் கழற்ற வேண்டும், பாயிண்டின் துளைகளை மூடி டேப் ஒட்டி "பயன்படுத்த வேண்டாம்" என்று தேதியோடு எழுத வேண்டும், எந்த விளக்குகள் எரிந்தன என்பதைப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். பேஸும் எர்த்தும் மாறியிருந்தால் மெயின் போர்டில் அந்த எம்சிபியையே இறக்கிவிடச் சொல்லுங்கள். பக்கத்துப் பாயிண்டுகளும் அதே ஒயரில் வந்திருக்கலாம். மூடியின் திருகாணியில் மட்டும் கை வைக்க வேண்டாம். "சும்மா லூஸ் ஒயர்தான்" என்று திறப்பவர், எதை அணைத்தால் அந்தப் பெட்டி முழுவதும் சாகும் என்று தெரியாமல்தான் திறக்கிறார்.

சூடு என்ற விஷயத்தில் இந்தக் கருவி அறவே உதவாது. துளைக்குள் தகடு தளர்ந்து அரை ஓம் தடை உண்டாகி, அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஓர் இடத்தில் மட்டும் 50 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்ன் பிளாஸ்டிக்குக்குள் எரிவதற்குச் சமம். விளக்குகளுக்கு இதில் ஒரு மாற்றமும் தெரியாது. இதற்குக் கண்ணும் மூக்கும்தான்: துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய மீன் மாதிரி வாடை, செருகிய பிளக் தானாகத் தொங்குவது. கெட்டிலோ ஹீட்டரோ அரைமணி ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் பின்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பாயிண்டோ பிளக்கோ மாற்ற வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. அதன் கடைசித் துளையில் டெஸ்டரைச் செருகிப் பார்ப்பது நல்ல பழக்கம். இழுத்து இழுத்து எர்த் ஒயர் அறுந்த பாக்ஸ்கள் அப்போது மாட்டும். ஆனால் 10 ஆம்பியர் பாக்ஸ் தாங்குவது மொத்தமாக 2300 வாட், துளைக்கு 2300 அல்ல. 2000 வாட் ஹீட்டரும் 1500 வாட் கெட்டிலும் சேர்ந்தால் 15 ஆம்பியரைத் தாண்டிவிடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. பாக்ஸின் ஒயர் கொதிக்கும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகினால் முழுச் சுமையும் முதல் பாக்ஸின் பிளக்கில்தான் இறங்கும்.

பழைய கட்டடத்தில் ஆர்சிசிபி இல்லை, மாற்றும்வரை வேலை நிற்க முடியாது என்றால், ஆர்சிசிபி செய்யும் அதே வேலையைச் செய்யும், பாயிண்டில் செருகும் போர்ட்டபிள் ஆர்சிடி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் சில வகைகள் தானாக ஆன் ஆகாது. டிரில், வாக்கும் கிளீனருக்கு அது நல்லது. மருந்து வைத்த குளிர்பெட்டிக்கு ஆகாது. பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தவரை எந்த ஆர்சிடியும் காப்பாற்றாது, கசிவே இல்லை என்றுதான் அது நினைக்கும்.

கடையில் பார்க்கும்போது: உங்கள் பாயிண்ட் வகைக்கு நேரடியாகப் பொருந்தும் பின்கள் இருக்க வேண்டும், இடையில் மாற்று பிளக் வைத்துச் சோதிக்கிற கதை வேண்டாம். பொத்தான் வேண்டும். அட்டவணை உடம்பிலேயே அச்சாகி இருக்க வேண்டும். தனித்தாள் ஒரு மாதத்தில் காணாமல் போகும். வோல்டேஜ் அளவும் பாதுகாப்புத் தரக்குறியும் தெளிவாக இல்லாததைத் தொடவே வேண்டாம். எர்த் பாதையின் தடையையும் தோராயமாகக் காட்டும் விலை கூடிய வகை கிடைத்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும், மேலே சொன்ன 20 ஓம் ஆபத்தைப் பிடிக்கும் திறமை அதற்குத்தான் உண்டு. வாங்கி வந்ததும், எலக்ட்ரீஷியன் சோதித்துச் சரி என்று சொன்ன ஒரு பாயிண்டுக்கு அடையாளம் போட்டு வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் டெஸ்டரை அதில் செருகிப் பாருங்கள். ஒரு விளக்கு செத்திருந்தால், நல்ல பாயிண்டைக் கெட்டது என்றும் ஒரு பழுதை வேறொரு பழுது என்றும் அது சொல்லிக்கொண்டிருக்கும்.