0.35 பெரிதா, 0.4 பெரிதா? கணக்கு ஆசிரியருக்கு எந்த மேற்படிப்பு?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 0.4-ஐவிட 0.35 பெரியது என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "நாலைவிட முப்பத்தைந்து பெரியதுதானே, சார்?" என்றான். 0.4-க்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்த்து 0.40 என்று எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். மறுநாள் 0.4, 0.385 இரண்டையும் கொடுத்தால் 0.385-க்குத்தான் வட்டம் போட்டிருந்தான். பதினாறு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். விடை எனக்குத் தெரியும், அந்தப் பையனின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது தெரியவில்லை.

அதே வாரம் சேரன்மகாதேவி பஸ் நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் பக்கத்துப் பள்ளித் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். அவரும் கணக்குப் பட்டதாரி ஆசிரியர்தான். "அண்ணாச்சி, எம்.எஸ்ஸி. போடட்டுமா, எம்.எட். போடட்டுமா? இக்னோவில் எம்.ஏ. கல்வியியல் என்று வேறு சொல்கிறார்கள்" என்றார். பஸ் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் சொன்ன எம்.எஸ்ஸி. கணிதத்தில் முதுகலை, எம்.எட். பி.எட்.டுக்கு மேலான கல்வியியல் முதுகலை, இக்னோ என்பது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

முதலில் ஒன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'கணிதக் கல்வி' என்ற பெயரிலேயே முதுகலைப் பட்டம் உண்டு. பணியில் இருக்கும் ஆசிரியர்கள் அதைப் பகுதிநேரமாகவும் படிக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தப் படிப்பு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. கணிதம் ஒரு துறையில் இருக்கிறது, கல்வி இன்னொரு துறையில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வும் அப்படித்தான். கணிதத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் இருக்கிறது, கல்வியியலுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் யூ.ஜி.சி. நெட் இருக்கிறது. இரண்டும் சேர்கிற இடத்துக்குத் தேர்வே இல்லை. எதை எடுத்தாலும் பாதிதான் கையில் வரும், எந்தப் பாதி வேண்டும் என்பதுதான் கேள்வி.

எம்.எஸ்ஸி.யை எடுத்துக்கொள்வோம். வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் முடிக்கலாம். அபிஷேகப்பட்டியில் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவும், 2002-இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நம் ஊர் ஆசிரியர்கள் வழக்கமாக விசாரிக்கிற இடங்கள். பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது. சேர்கிற பருவத்தில் அந்தப் பாடத்துக்கு யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விக் குழு (டி.இ.பி.) அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது மாணவரும் அந்தக் குழுவின் தளத்தில் டி.இ.பி. அடையாள எண் வாங்கித்தான் சேர முடியும்.

இதன் பலன் வெளிப்படையானது. முதுகலை ஆசிரியர் பணியிடங்களில் பாதி பதவி உயர்வில் நிரம்புகின்றன, மீதிப் பாதி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வில். இரண்டுக்கும் கேட்பது எம்.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும். எம்.எட். சான்றிதழை நீட்டினாலும் பதவி உயர்வுப் பட்டியலில் இடம் கிடைக்காது. இது தெரியாமல் எம்.எட். முடித்துவிட்டு, பிறகு நாற்பத்திரண்டு வயதில் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

நான் தபால் வழியில்தான் எம்.எஸ்ஸி. முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில் ஒரே பகலில் இடத்தியலின் மூன்று அலகுகளை ஓட்டுவார்கள். எழுதிக்கொள்ள நேரம் இருக்கும், யோசிக்க இருக்காது. அளவைக் கோட்பாட்டில் ஓர் அரியர் விழுந்தது. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். 0.999… என்று முடிவில்லாமல் போனால் அது 1-க்குச் சமமா என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டபோது, மழுப்பாமல் பதில் சொல்ல முடிந்தது அந்தப் படிப்பால்தான். ஆனால் 0.35 பையனைப் பற்றி எம்.எஸ்ஸி.யில் ஒரு வரி கிடையாது. மெய்யெண்களை டெடிகிண்ட் என்ற கணிதர் சொன்ன வெட்டுகளால் கட்டிக் காட்டுவார்கள். அவனோ பின்னத்தையே இன்னும் கட்டவில்லை.

இனி எம்.எட். 2014-ஆம் ஆண்டின் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்வி மன்றம்) விதிகளால் ஓராண்டுப் படிப்பு ஈராண்டானது. முழுநேரம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகையும், களப்பயிற்சிக்கு 90 சதவீத வருகையும் வேண்டும். ஆகவே பள்ளிக்கும் போய்க்கொண்டு எம்.எட்.டும் படிப்பது நேர்மையான வழியில் நடக்காது. விடுப்பு எடுத்தே ஆக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஊதியமில்லாமல். "தேர்வு எழுத மட்டும் வந்தால் போதும், வருகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வெளி மாநிலத்திலிருந்து போன் வரும். வைத்துவிடுங்கள். உண்மைத்தன்மைச் சான்று கேட்கிற நாளில் அந்தக் குரல் எடுக்காது.

நேர்மையாகப் படிக்க நினைத்தால் நமக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் 1950-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியும், பெண்களுக்காக 1957-இல் வந்த தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை உருவாக்கியவை. நம் பள்ளிகளின் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றின் வாசலை மிதித்தவர்கள்தான்.

எம்.எட்.டில் எனக்கு ஆதங்கம் ஆய்வேட்டைப் பற்றித்தான். கட்டாயம் எழுத வேண்டிய ஒன்று, படிப்பிலேயே பொன்னான பகுதியும் அதுதான். அதை எப்படி வீணாக்குகிறார்கள் என்றால்: ஒன்பதாம் வகுப்பு மாணவர் முந்நூறு பேருக்குக் 'கணிதத்தின்பால் மனப்பான்மை' வினாத்தாள். கிராமம், நகரம் என்று ஓர் அட்டவணை. ஆண், பெண் என்று இன்னொன்று. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று மூன்றாவது. இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டு, "0.05 மட்டத்தில் பொருளுடைய வேறுபாடு இல்லை" என்று முடிவுரை. அந்த 0.05 என்ற தசமத்தை முந்நூறு பேரில் எத்தனை பேர் சரியாக வாசிப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை! அப்படி ஒரு வினாத்தாள் எங்கள் வகுப்புக்கும் வந்தது. 'கணிதம் எனக்கு மிகவும் பிடிக்கும்' என்பதில் என் வகுப்பே டிக் அடித்திருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேனே!

வேறு மாதிரியும் செய்யலாம். ஒரே வகுப்பு, இருபது பிள்ளைகள், தசம எண்ணில் ஒரே ஒரு பிழை. ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து, ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டுப் பதிவு செய்தால் அதுவே முழு ஆய்வேடு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் சொன்னது இதைத்தான். பாடம் தெரிவது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னோர் அறிவு. இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே இடறும், எந்த உதாரணம் தூக்கிவிடும் என்று தெரிவது மூன்றாவது, அது ஆசிரியருக்கு மட்டுமே உரியது. வழிகாட்டி சம்மதித்தால் எம்.எட்.டில் இந்த மூன்றாவதைத் தொடலாம். சேர்வதற்கு முன் கட்டணத்தை விசாரிப்பதோடு, கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த வழிகாட்டி அங்கே இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

இக்னோவின் எம்.ஏ. கல்வியியலுக்கு நெல்லைக்காரர்கள் தங்கள் மாவட்டத்துக்குரிய மண்டல மையத்தோடு பேச வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் நான்கு. விடுப்பு வேண்டாம். ஒப்படைப்புகளை எழுதி அனுப்பி, ஜூனிலோ டிசம்பரிலோ தேர்வு எழுதலாம். வாசிக்கக் கிடைக்கிற பாடநூல்கள் நன்றாகவே இருக்கும், ஆனால் தமிழில் இருக்காது. கணிதத்துக்கென்று சிறப்புப் பிரிவும் இல்லை. ஆய்வேட்டை உங்கள் வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. குறை என்னவென்றால், பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் பாடத்தை எடுக்க என்.சி.டி.இ. கேட்பது எம்.எஸ்ஸி.யும் எம்.எட்.டும், இரண்டிலும் 55 சதவீதம். எம்.ஏ. கல்வியியல் அந்த இடத்தில் எம்.எட்.டுக்கு ஈடாகாது. முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் பயிற்சி நிறுவனம் போன்ற இடத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்களும் எம்.எட்.டைத் தவிர்க்க முடியாது.

பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் ஈராண்டு எம்.ஏ. கல்வியியல், மைசூரில் என்.சி.இ.ஆர்.டி. 1963-இல் தொடங்கிய மண்டலக் கல்வி நிறுவனத்தின் எம்.எட். இரண்டும் தரமானவை. முழுநேரம் என்பதால் குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுப் போக முடிகிறவர்களுக்குத்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு மேற்படிப்பு என்றால் ஊக்க ஊதிய உயர்வு என்று அர்த்தம். அதற்காகவே கணக்கு ஆசிரியர்கள் எளிதாகத் தெரிந்த வேறு பாடத்தில் எம்.ஏ. போட்ட காலம் உண்டு. 2020 மார்ச் அரசாணையோடு அந்த முன் ஊதிய உயர்வு நின்றது. இனி சம்பளத்துக்காகப் படிப்பவர் கணக்கில் தவறு செய்கிறார். இன்னொன்று: 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்களுக்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் தேர்ச்சி தலைக்கு மேல் தொங்குகிறது. அது முடியாதவர் முதலில் அதைப் படிப்பதே புத்தி.

தம்பிக்கு முப்பத்துநாலு வயது, இரண்டு குழந்தைகள், டெட் முடித்துவிட்டார். எம்.எஸ்ஸி.யைத் தொலைநிலையில் இப்போதே போடுங்கள் என்பேன். பதவி உயர்வுக்கும் அதுதான், பின்னால் பி.எட். கல்லூரிக்குப் போவதென்றாலும் அதுதான் முதல் படி. எம்.எட். என்பது வேறு வேலைக்குப் போகும் முடிவு, விடுப்புக்குச் சேமிப்பு இருந்தால் பிறகு பார்க்கலாம். எனக்கு இனிப் பதவி ஆசை இல்லை, அந்தப் பையன்தான் உறுத்துகிறான். அதனால் நான் ஜூலைப் பருவத்தில் இக்னோவில் சேர்ந்துவிட்டேன், துறை முன் அனுமதி வாங்கிப் பணிப்பதிவேட்டிலும் ஏற்றிவிட்டு.

முதல் ஒப்படைப்புக்காக அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "பூச்சியம் புள்ளி முப்பத்தைந்து" என்றான். நானும் வகுப்பில் அப்படித்தான் வாசிக்கிறேன். மூன்று, ஐந்து என்று தனித்தனியாகச் சொல்லாமல் முப்பத்தைந்து என்று அவன் காதில் போட்டதே நான்தான்.