ஒழுகும் ஹீட்டர்: வாசர் மாற்றுவதா, ஹீட்டரையே மாற்றுவதா?

மார்கழி நடுவில் எங்கள் பாத்ரூம் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம். விடியற்காலையில் ஏற்காட்டுக் குளிரில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வெந்நீர் இல்லாமல் மாமியார் குளிக்க மாட்டார். பழுது பார்ப்பதா, அதேபோல் புதிது வாங்குவதா, தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு மாறுவதா, மாடியில் சோலார் போடுவதா என்று நான்கு நாள் பேச்சு. கடைசியில் பழையபடி 15 லிட்டர் டேங்க் ஹீட்டரே வாங்கினோம்.

எதைச் செய்வதானாலும் முதலில் ஹீட்டருக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, உள்ளே போகும் தண்ணீரை மூடிவிடுங்கள். சூடுதான் வருகிறதே என்று ஒழுகும் ஹீட்டரை இன்னொரு நாள் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

பழுது பார்ப்பதா என்பது எங்கே ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. ஹோஸ் மூட்டு என்றால் வாசரும் டேப்பும் போதும். சேஃப்டி வால்வு சூடாகும்போது மட்டும் நாலு சொட்டு விட்டால் அது கோளாறே இல்லை, தண்ணீர் விரிவதுதான். விடாமல் சொட்டினால் வால்வை மாற்றலாம். சூடாக்கும் கம்பியான காயிலைப் பொருத்திய மூடியைச் சுற்றிக் கசிந்தால், அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினால் போதும். எங்களுக்கு இதெல்லாம் இல்லை. வெளிக்கூட்டின் அடி விளிம்பிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் இறங்கி, வெள்ளை டைல்ஸில் கோடு போட்டிருந்தது. பிளம்பர் தம்பி விரலால் தொட்டுப் பார்த்தார். "அக்கா, டேங்கே ஓட்டையாயிடுச்சுங்க. வெல்டிங் வெச்சாலும் நிக்காது." நியாயம்தான். உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க். வெல்டிங் சூட்டில் பூச்சு தெறித்துவிடும், சுற்றியுள்ள ஃபோமும் கருகும்.

இன்ஸ்டன்ட் விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் 3 கிலோவாட் ஹீட்டர் 25 டிகிரி தண்ணீரை 40-க்குக் கொண்டுவர, நிமிஷத்துக்கு மூன்று லிட்டர்கூடத் தராது. 20 லிட்டர் வாளி நிறைய ஏழு நிமிஷம். சமையலறைக்குச் சரி, வாளிக் குளியலுக்கு நின்று நின்று கால் வலிக்கும். 15 லிட்டர் டேங்க் 55 டிகிரிக்குச் சூடானால், பச்சைத் தண்ணீர் கலந்து ஒன்றரை வாளி வெந்நீர் கிடைக்கும். செலவு அரை யூனிட்தான்.

சோலாரைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஏற்காட்டில் நாத்தனார் வீட்டில் பார்த்ததோடு சரி. மூடுபனி நாட்களில் அங்கேயும் கரண்ட் காயில்தான் கைகொடுக்கிறது. உப்புத் தண்ணீருக்குச் செம்புக் குழாய்த் தகட்டைவிடக் கண்ணாடிக் குழாய் வகை மேல், கழற்றிக் கழுவலாம் என்றார்கள். எங்கள் மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு வெந்நீர்க் குழாய் இழுக்கும் செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

என்னைக் கேட்டால் விலையோ மின்சிக்கனத்துக்குத் தரும் ஸ்டாரோ பெரிதில்லை. தண்ணீர்தான். மேட்டூர்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போய்விடுகிறது. மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். அதைச் சூடாக்கினால் உப்பு காயில் மேல் ஓடுபோல் பிடிக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் ராடு வைத்திருப்பார்கள். இரும்புக்குப் பதிலாக அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். அது தீர்ந்தால் பூச்சில் விரிசல் உள்ள இடத்திலெல்லாம் அரிப்பு டேங்கில் இறங்கும். பழைய ஹீட்டரைப் பிரித்தபோது, ராடு இருந்த இடத்தில் குடைக்கம்பி மாதிரி ஒரு கம்பிதான் மிச்சம். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை. விற்ற கடையும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மெக்னீசியம் தாதுவான வெள்ளைக்கல்லுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு மெக்னீசியத்தை மறந்தோம்!

இன்ஸ்டன்ட்டின் சின்ன டேங்கிலும் உப்பு பிடிக்கும், அதுவும் காயிலை நெருக்கிக்கொண்டு. டேங்க் ஹீட்டரில் ராடு, காயில், கேஸ்கெட் எல்லாம் தனித்தனியாக மாற்றக் கிடைக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை உள்ள சேலத்துக்காரி என்பதால் ஸ்டெயின்லெஸ் டேங்க் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. ஆனால் போர் தண்ணீரில் குளோரைடு அதிகம் இருந்தால் வெல்டிங் ஓரங்களில் பொட்டுப் பொட்டாக அரிக்கும் என்பதால் கண்ணாடிப் பூச்சுக்கே போனோம். அது சரியா தவறா என்பது இன்னும் சில வருஷம் போனால்தான் தெரியும்.

இப்போது தெர்மோஸ்டாட்டை 55-க்கு மேல் ஏற்றுவதில்லை, சூடு கூடக் கூட உப்பும் கூடும். ராடை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. பிளம்பர் தம்பி ஹீட்டரின் வயிற்றில் மார்க்கரால் தேதி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். துடைத்துவிடாதே என்று வேலைக்கு வரும் அக்காவிடம் மாமியார் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.