கொடுத்தது ஆண், வந்தது பெண்: பறவைக் காப்பகத்தில் ஓர் ஆள்மாறாட்டம்

ஊருக்குப் போகும்போது வளர்ப்புப் பறவையைக் காசு கொடுத்து யாரிடமாவது விட்டுச் செல்பவர்கள், கூண்டை ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் காக்டெயில் (கொண்டை வைத்த சிறு வளர்ப்புக் கிளி வகை) மூன்று வயது ஆண். சாம்பல் உடம்பு, பளிச்சென்ற மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். குக்கர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அதே விசிலை அடிக்கும். என் மாமியார் ஏமாந்துபோய் அடுப்பை அணைத்துவிடுவார். தென்காசியில் ஒரு கல்யாணம். சென்னையில் வீட்டு மாடியில் பறவைக் காப்பகம் நடத்தும் ஒருவரிடம், நாளொன்றுக்கு 200 ரூபாய் பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, தினை, கம்பு, பறவை கொறிக்கும் கடல் நுரை (கணவாய் ஓடு) எல்லாம் எங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

தினமும் காலையில் ஒரு புகைப்படம் வந்தது. ஒன்றில் பறவை இடப்பக்கம் பார்க்கும், இன்னொன்றில் கொண்டையைத் தூக்கியிருக்கும். ஆனால் தீனிக் கிண்ணத்தின் விளிம்பில் பாதி கடித்த பச்சை மிளகாய் ஒன்று எல்லாப் படத்திலும் அதே கோணத்தில் கிடந்தது. ஒரே மூச்சில் எடுத்து வைத்துக்கொண்டு, தவணை முறையில் அனுப்பியிருக்கிறார். வீடியோவில் காட்டச் சொன்னால், "இப்போதுதான் தூங்குகிறது அக்கா", "குளிக்கிறது அக்கா." எந்த நேரத்தில் கேட்டாலும் இந்த இரண்டு பதில்கள்தாம்.

திரும்பி வந்து கூண்டை வாங்கினோம். உள்ளே ஒரு சாம்பல் நிறக் காக்டெயில். விசில் இல்லை. கையை நீட்டினால் சீறியது. "புது இடத்தில் இருந்துவிட்டு வந்தால் கொஞ்ச நாள் ஊமையாகத்தான் இருக்கும். பயத்தில் முகமும் வெளுக்கும் அக்கா" என்றார். ஊமையாக இருக்கும் என்பதையாவது நம்பலாம். பயத்தில் வாலின் அடியில் கோடு முளைக்குமா?

சாம்பல் நிறக் காக்டெயில்களில் குஞ்சாக இருக்கும்போது ஆண், பெண் இரண்டுக்குமே வால் இறகின் அடிப்பக்கத்தில் மஞ்சள் கோடுகள் இருக்கும். இறகு உதிர்ந்து முளைக்கும்போது ஆணுக்கு அவை மறைந்துவிடும், முகமும் மஞ்சளாகும். பெண்ணுக்குக் கோடுகள் அப்படியே தங்கிவிடும். இந்தப் பறவைக்கு வரிவரியாகக் கோடு. காலில் எண் பொறித்த வளையமும் இல்லை. "கழன்று விழுந்திருக்கும்" என்றார். அந்த மூடிய வளையம் குஞ்சாக இருக்கும்போதே நுழைப்பது. கால் வளர்ந்த பிறகு வெட்டினால்தான் வரும். கால்நடை மருத்துவர் பார்த்து, பெண் பறவை, நெஞ்செலும்பு துருத்துமளவு மெலிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைக் காட்டிய பிறகு கதை மாறிக்கொண்டே வந்தது. கூண்டுகள் மாறிவிட்டன என்றார், வேலைக்காரப் பையன் தவறு என்றார், கடைசியில் கூண்டைக் கழுவும்போது பறந்துவிட்டது என்றார். பறந்ததைக்கூட மன்னிப்பேன், உயிருள்ள ஜீவன், கதவு திறந்தால் பறக்கத்தான் செய்யும். அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரிந்தவர்களை அனுப்பி அக்கம்பக்கத்து மரங்களில் தேடியிருப்போம். விசில் அடித்தால் பதில் கொடுக்கும் பறவை அது. சொல்லாமல், எங்கிருந்தோ மலிவாக ஒன்றைப் பிடித்துப்போட்டு, தினமும் பழைய படம் அனுப்பியதுதான் வயிறு எரிகிறது.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. காக்டெயில் அந்தப் பட்டியலில் இல்லாததால், இன்னது உங்கள் பறவை என்று சொல்ல அரசாங்கத் தாள் எதுவும் கிடையாது. ஆகவே விடுவதற்கு முன் வளைய எண் தெரியும்படி ஒரு படம், வாலின் அடிப்பக்கம் ஒரு படம் எடுத்து, காப்பகத்துக்காரருக்கே அனுப்பி, எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். தயங்குகிறவரிடம் கூண்டைக் கொடுக்காதீர்கள். பழைய படம் அனுப்பி ஏமாற்றாமலிருக்க, அன்றைய நாளிதழைக் கூண்டருகே வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கடத்தல்காரனிடம் கேட்பதுபோல் இருந்தாலும் பரவாயில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கு தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வந்த பறவையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, தினை தின்று கொஞ்சம் தேறியிருக்கிறது. இதையெல்லாம் எங்கும் எழுதாமல் இருந்தால் பாதிப் பணம் தருவதாகக் காப்பகத்துக்காரர் நேற்றுச் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியையும் புகாருடன் இணைத்துவிட்டேன்.