நான்கு விசைகளுள் வலியது எது?

இயற்பியல் பாடநூல்கள் நான்கு அடிப்படை விசைகளையும் வலிமை வரிசையில் அடுக்கிக் காட்டுவது வழக்கம்: வலிய அணுக்கரு விசை, மின்காந்த விசை, மெலிய அணுக்கரு விசை, கடைசியாக ஈர்ப்பு விசை. இந்த வரிசை தவறன்று; ஆயினும் எந்தத் தொலைவில், எந்தத் துகள்களுக்கிடையே ஒப்பிட்டது என்பதைச் சொல்லாவிட்டால் அது பெரிதும் திசைதிருப்பிவிடும்.

இரண்டு புரோட்டான்களுக்கிடையேயான மின் விலக்கம், அவற்றின் ஈர்ப்பைவிட 1-க்குப் பின் 36 சுழியங்கள் இட்ட எண் மடங்கு பெரியது. இரு விசைகளும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், புரோட்டான்களை எவ்வளவு தள்ளி வைத்தாலும் இவ்விகிதம் மாறாது. அப்படியிருந்தும் கோள்களின் பாதையை வகுப்பது ஈர்ப்பே. மின்னூட்டத்தில் நேர், எதிர் என இரு வகை உண்டு. பெரும் பொருள்களில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. நிறையில் அப்படி எதிர்வகை இல்லாததால் ஈர்ப்பு கூடிக்கொண்டே போகிறது.

வலிய விசையின் கதை வேறு. புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் உட்கூறுகளான குவார்க்குகளைப் பிணைக்கும் அவ்விசையின் எச்சமே புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் அணுக்கருவில் சேர்த்து வைக்கிறது. அந்த எச்சம் ஒரு மீட்டரைக் கோடி கோடியாகப் பகுத்து, வருவதை மேலும் பத்தாகப் பகுத்தால் கிடைக்கும் அளவுக்கே எட்டும். ஆகவே ஒவ்வொரு துகளும் தன் அண்டைத் துகள்களை மட்டுமே பற்றிக்கொள்கிறது. மின் விலக்கமோ கருவிலுள்ள எல்லாப் புரோட்டான்களுக்கிடையிலும் செயல்படுகிறது. கரு பெரிதாகப் பெரிதாக இந்த வேறுபாடு முற்றி, 82 புரோட்டான்கள் கொண்ட ஈயத்துக்கு அப்பால் எந்தத் தனிமத்துக்கும் நிலையான கருவே இல்லாமல் போகிறது. பிஸ்மத்துக்கு உண்டு என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதுவும் மிக மெதுவாகச் சிதைகிறது என்பது 2003-இல் தெரியவந்தது.

பெயராலேயே அநீதிக்குள்ளானது மெலிய விசைதான் என்பது என் கருத்து. அதன் உள்ளார்ந்த பிணைப்பு வலிமை மின்காந்த விசையினுடையதைவிடக் கூடுதல். அதைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்கள் முறையே புரோட்டானைப்போல் ஏறத்தாழ 86 மடங்கும் 97 மடங்கும் நிறை கொண்டிருப்பதாலேயே அதன் எட்டுகை மிகக் குறுகி, குறைந்த ஆற்றலில் அது மெலிந்து தெரிகிறது. அத்துகள்கள் 1983-இல் செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. அவற்றை முன்கணித்த கோட்பாட்டுக்காகக் கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவருக்கும் 1979-இலேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டிருந்தது. ஒருவகைக் குவார்க்கை வேறொரு வகையாக மாற்றுவது இந்த விசையால் மட்டுமே ஆகும் காரியம். சூரியனின் மையத்தில் இரு புரோட்டான்கள் இணைய வேண்டுமானால் அவற்றுள் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அம்மாற்றம் மிக அரிதாகவே நிகழ்வதும், மின் விலக்கம் புரோட்டான்களை நெருங்கவிடாததும் சேர்ந்துதான் சூரியனை ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக நிதானமாக எரியவைத்திருக்கின்றன.

துல்லியத்தை வைத்து ஒப்பிட்டால் வரிசை வேறு விதமாக அமைகிறது. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலி பத்து இலக்கங்கள் வரை உறுதியாகத் தெரியும். ஈர்ப்பின் வலிமையைக் குறிக்கும் ஈர்ப்பு மாறிலியோ, 1798-இல் கேவண்டிஷ் முறுக்குத் தராசால் (மெல்லிய கம்பியில் தொங்கும் தண்டின் முனைகளில் உருண்டைகள் கொண்ட கருவி) அம்மாறிலியைக் கணிக்க உதவும் பூமியின் அடர்த்தியை அளந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், நான்கைந்து இலக்கங்களைத் தாண்டவில்லை. காரணம், ஈர்ப்பு விசையை மறைக்கத் திரை ஏதும் கிடையாது. ஆய்வுக்கூடத்துச் சுவரும் அளப்பவரின் உடலும்கூடத் தராசின் உருண்டைகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.